பறக்கும் டாக்ஸி: கீழே நடப்பவரின் கதை

பறக்கும் டாக்ஸின்னா ஏதோ இப்போ வந்த ஐடியான்னு நினைக்கிறோம். ஆனா நியூயார்க்கில் 1950-களிலேயே ஓடியிருக்கு. நியூயார்க் ஏர்வேஸ்னு ஒரு நிறுவனம், விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் நடுவே ஹெலிகாப்டர் விட்டாங்க. 1965 டிசம்பரில் 59 மாடி பான் ஆம் கட்டடத்தின் உச்சியிலேயே இறங்க ஆரம்பிச்சாங்க. 1968-ல் அது நின்னுபோச்சு. 1977 பிப்ரவரியில் மறுபடியும் தொடங்கினாங்க.

மூணே மாசம்தான். 1977 மே 16, சாயங்காலம். ஹெலிகாப்டர் பத்திரமா இறங்கிடுச்சு. அடுத்த பயணத்துக்கு ஆட்கள் ஏறிட்டிருக்காங்க, மேலே விசிறி சுத்திட்டே இருக்கு. உலோகச் சோர்வால் லேண்டிங் கியர் முறிஞ்சு, ஹெலிகாப்டர் ஒரு பக்கமா சாய்ஞ்சது. மாடியில் இருந்த நாலு பயணிகள் இறந்தாங்க. உடைஞ்ச விசிறித் துண்டு ஒண்ணு கீழே விழுந்து, தெருவில் நடந்து போன ஒரு பெண்ணும் இறந்தாங்க. டிக்கெட்டே வாங்காதவங்க. அதுக்கப்புறம் அந்த மாடியில் ஹெலிகாப்டர் சேவை நடக்கவே இல்லை.

இப்போ சென்னை ஐஐடியில் பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தி 2019-ல் தொடங்கின ஈபிளேன் மாதிரி நிறுவனங்கள் மின்சார டாக்ஸி உருவாக்குறாங்க. பல மோட்டார்கள் இருக்கும். ஒண்ணு நின்னாலும் மத்தது தாங்கும். சர்வருக்கு நாங்க பேக்கப் வைக்கிற அதே லாஜிக். நல்ல முன்னேற்றம்தான். ஆனா 1977-ல் எஞ்சின் நிக்கலையே! விபத்து நடந்தது தரை தொட்ட பிறகு. எத்தனை மோட்டார் வச்சாலும், இறங்குற இடத்தில் கூட்டம் இருந்தா ஆபத்து அப்படியேதான் இருக்கு.

நம்ம புதுச்சேரிக்கு வருவோம். சென்னையிலிருந்து ஈசிஆரில் சுமார் 150 கி.மீ.; மூணு மணி நேரம். பறந்து வந்தா நல்லாத்தான் இருக்கும். எங்கே இறங்குறது? பீச் ரோட்டில் சாயங்காலம் வண்டியே விடமாட்டாங்க, ஊரே அங்கே நடக்குது. காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். பிரெஞ்சுக்காரங்க காலத்து வீட்டு மாடிகளை நம்பி இறக்க முடியாது. லாஸ்பேட்டை விமான நிலையத்தில் இறக்கினா, அங்கிருந்து ஆட்டோ பிடிக்கணும். அப்புறம் அது என்ன டாக்ஸி?

ஆனா ஆம்புலன்ஸ்னா கணக்கு வேற. 2025 பிப்ரவரியில் 788 ஏர் ஆம்புலன்ஸுக்கு ஈபிளேன் ஒப்பந்தம் போட்டிருக்காங்க. விழுப்புரம், கடலூரிலிருந்தெல்லாம் நோயாளிகள் வர்ற ஊர் இது. கோரிமேடு ஜிப்மர் வளாகத்தில் வேலி போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாம ஒரு தளம் அமைக்கலாம். ஒரு உயிரைக் காப்பாத்த எடுக்கிற ரிஸ்க்கை, டிராஃபிக்கைத் தாண்ட எடுக்கக் கூடாது.

நாளைக்கு யாராவது பறக்கும் டாக்ஸி விடப்போறோம்னு வந்தா, கட்டணம் எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, கீழே நடக்கிறவங்களுக்கு என்ன பாதுகாப்புன்னு கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.