மொட்டைக் கடுதாசி வந்தால் போலீஸ் சோதனை போடலாமா? அமெரிக்காவின் 'ப்ராபபிள் காஸ்' சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவில் கைது, வீட்டுச் சோதனை என்று செய்தி வந்தாலே கூடவே அடிபடும் சொல் 'ப்ராபபிள் காஸ்'. தமிழில் 'நம்பத்தகுந்த காரணம்' எனலாம். அப்படின்னா என்ன?

எங்கிருந்து வந்தது?

பிரிட்டிஷ் ஆட்சியில், கடத்தல் பொருள் தேடுவதாகச் சொல்லி சுங்க அதிகாரிகள் யார் வீட்டிலும் நுழைய முடிந்தது. அந்தக் கசப்பில் பிறந்ததுதான், 1791-ல் அமலுக்கு வந்த 4-வது அரசியல் சட்டத் திருத்தம். நம்பத்தகுந்த காரணம் இல்லாமல் வாரண்ட் தரக் கூடாது. எந்த இடத்தில், எதைத் தேடுகிறார்கள் என்பதையும் வாரண்ட்டில் குறிப்பிட வேண்டும்.

எவ்வளவு ஆதாரம் போதும்?

* "ஆளைப் பார்த்தா சரியில்ல" என்ற வெறும் உள்ளுணர்வு எதற்கும் போதாது.
* நியாயமான சந்தேகம் இருந்தால் கொஞ்ச நேரம் நிறுத்தி விசாரிக்கலாம். ஆயுதம் இருக்கலாம் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் மேலாடையைத் தடவிப் பார்க்கலாம். இது 1968 தீர்ப்பு.
* குற்றம் நடந்திருக்கிறது என்று விவரமுள்ள ஒருவர் நம்பும் அளவுக்குத் தகவல் இருந்தால், அதுதான் ப்ராபபிள் காஸ். கைது செய்யலாம், சோதனைக்கு வாரண்ட் கேட்கலாம்.
* தண்டனை தர இது போதாது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்.

இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட முடியாது என்று 2003-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கடுதாசி வழக்கு

1978-ல் சிகாகோ அருகே ஒரு போலீஸ் நிலையத்துக்கு மொட்டைக் கடுதாசி வந்தது. 'ஒரு தம்பதி போதைப்பொருள் விற்கிறார்கள். மனைவி புளோரிடாவுக்குக் காரை ஓட்டிப் போவார், கணவர் விமானத்தில் போய் சரக்கோடு காரை எடுத்து வருவார்' என்று அதில் இருந்தது. போலீஸ் கண்காணித்தது. கணவர் விமானம் ஏறினார், மறுநாள் கார் வடக்கே கிளம்பியது. அதைக் காட்டித்தான் வாரண்ட் வாங்கினார்கள். கார் டிக்கியில் சுமார் 160 கிலோ கஞ்சா சிக்கியது.

கடுதாசி மட்டும் போதாது, ஆனால் போலீஸ் சரிபார்த்ததையும் சேர்த்து மொத்தச் சூழலையும் பார்த்தால் வாரண்ட் செல்லும் என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காரணம் இல்லாமல் பிடித்தால்?

வாரண்ட் இல்லாமல் கைது செய்தால், காரணம் சரியா என்பதை பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி பார்க்க வேண்டும். சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த ஆதாரத்தை, சில விதிவிலக்குகள் தவிர, வழக்கில் பயன்படுத்த முடியாது. அப்போது வழக்கே கவிழலாம்.

ஆகவே, ப்ராபபிள் காஸ் இருப்பதாக நீதிபதி சொன்னால், கைதுக்குக் காரணம் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அவர் குற்றவாளியா என்பது விசாரணை முடிந்த பிறகுதான் தெரியும்.