நிலைமின் பெயின்ட் தெளிப்பு: தீ, மின்னதிர்ச்சித் தடுப்பு

நிலைமின் தெளிப்புத் துப்பாக்கி பெயின்ட் துளிகளுக்குப் பெரும்பாலும் 30,000 முதல் 1,00,000 வோல்ட் வரை மின்னேற்றம் தருகிறது. மின்னோட்டம் மைக்ரோஆம்பியர் அளவுதான். ஆனாலும் தின்னர் ஆவி பற்றிக்கொள்ள ஒரு சிறு பொறி போதும். எனவே எர்த் இணைப்பே முதற்காப்பு. பூசப்படும் பொருள், தின்னர் டப்பா, அருகிலுள்ள உலோகம் யாவும் எர்த் ஆகியிருக்க வேண்டும். அவற்றுக்கும் எர்த்துக்கும் இடையிலான மின்தடை 1 மெகாஓமைத் தாண்டக் கூடாது. பலரும் கவனிக்காமல் விடுவது பொருளைத் தொங்கவிடும் கொக்கியைத்தான். பழைய பெயின்ட் அதில் படிந்து காய்ந்தால் மின்காப்பாகிவிடும். தொங்கும் பொருளில் மின்னூட்டம் தேங்கிப் பொறி பறக்கும். தெளிப்பவரும் எர்த் ஆக வேண்டும்: மின்கடத்தும் காலணி அணிந்து, துப்பாக்கிப் பிடியை வெறுங்கையால் பற்ற வேண்டும். ரப்பர் செருப்பு காப்பாற்றும் என்ற நம்பிக்கை இங்கே ஆபத்து. காற்றை வெளியேற்றும் விசிறி நின்றால் தெளிப்பும் தானாக நிற்க வேண்டும். துப்பாக்கியைக் கழுவும் முன் மின்னழுத்தத்தை நிறுத்துவது கட்டாயம்.