விஜயநகரக் கடைத்தெருவும் ஒரு சொல்லின் மயக்கமும்

ஹெப்பகோடியில் மாலை ஆறு மணிக்குமேல் ஓசூர் சாலையோரமாக நடப்பவர் தள்ளுவண்டிகளுக்கிடையே வழி தேடித்தான் செல்ல வேண்டும். ஆலை வேலை முடித்து வருவோர் மிளகாய் பஜ்ஜியும் அவித்த நிலக்கடலையும் சுட்ட மக்காச்சோளமும் வாங்கிக் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என நான்கு மொழிகளில் விலை பேசுகின்றனர். காலங்காலமாக இம்மண்ணில் நிலைத்த தீனி போலவே அது தோன்றும். ஆனால் மிளகாய், நிலக்கடலை, மக்காச்சோளம் ஆகிய மூன்று பயிர்களும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பெருநாட்டின் சிப்பானில் 1987இல் அகழப்பட்ட மோச்சே தலைவனின் கல்லறையில், பொன்னாலும் வெள்ளியாலும் செய்த நிலக்கடலை வடிவ மணிமாலை கிடைத்தது.

அப்படியானால் இவை வேரூன்றுவதற்கு முன் தென்னிந்தியக் கடைத்தெரு எவ்வாறு இருந்தது? கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520ஆம் ஆண்டையொட்டி விஜயநகரம் வந்த போர்த்துக்கேயர் டொமிங்கோ பயஸ் அதற்கு விரிவான சான்று தருகிறார். அரிசி, கோதுமை, பச்சைப்பயறு, கொள்ளு ஆகியவற்றின் மிகுதி அவரை வியப்பில் ஆழ்த்துகிறது. பொதி சுமந்த எருதுகள் தெருவை அடைத்துக்கொள்வதால் வழிப்போக்கர் காத்திருக்க நேர்ந்ததையும், ஒரு பணத்துக்கு மூன்று கொத்துத் திராட்சையோ பத்து மாதுளையோ கிடைத்ததையும் குறிக்கிறார். அவருக்குப் பின் எழுதிய குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ், வாங்குபவர் ஐயமின்றி அறிந்துகொள்வதற்காகவே உண்ணும் உயிரினங்கள் உயிருடன் விற்கப்பட்டன என்கிறார். 1443இல் ஹெராத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரசாக்கின் கண்ணில் பட்டதோ ரோசாப்பூ. இந்நகரத்தார் அதனை உணவுக்கு இணையாகக் கருதினர் என்பது அவர் கூற்று.

இங்கேதான் ஒரு சிக்கல். பயஸின் குறிப்பை 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இராபர்ட் சூவெல், தானியப் பட்டியலில் 'இந்தியன் கார்ன்' என்று எழுதினார். ஆங்கிலத்தில் அது மக்காச்சோளம். மூலத்திலுள்ள போர்த்துக்கேயச் சொல் 'மில்யோ'. அது முதலில் சிறுதானியங்களைக் குறித்துப் பின்னரே மக்காச்சோளத்துக்குப் பெயரானது. தக்காணத்தின் வறள்நிலத்தை எண்ணினால், பயஸ் கண்டது நம் சோளமாக இருப்பதே பொருந்தும். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி, விஜயநகரத்தில் மக்காச்சோளம் விற்றது என்று முதுகலைக் கட்டுரையில் உறுதியாக எழுதியவன் நான். மதிப்பெண்ணும் கிடைத்தது, பிழை எவர் கண்ணிலும் படவில்லை.

இம்மயக்கம் போர்த்துக்கேய மொழிக்கு மட்டும் உரியதன்று. புதிய காரம் வந்தபோது நாம் மிளகோடு காயைச் சேர்த்து 'மிளகாய்' என்றோம். கன்னடத்தார் 'மெணசு' என்பதிலிருந்து 'மெணசினகாயி' என்றனர். ஊர்விட்டு ஊர் வரும் பயிருக்குப் பழகிய பயிரின் பெயரைச் சூட்டுவது மக்கள் வழக்கம். பழஞ்சொல்லில் புதுப்பொருளை ஏற்றிப் படிப்பதோ ஆய்வாளரின் பிழை.

பயணக் குறிப்புகளைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பட்டியலில் ஓர் உணவின் பெயரைக் கண்டதும் மூல மொழியில் அச்சொல் அந்த ஆண்டில் எதைக் குறித்தது என்று கேளுங்கள். பட்டியலில் மிளகாய் இல்லை என்பதாலேயே அது வரவில்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். பயணி தமக்குத் தெரிந்தவற்றுக்கே பெயர் சொல்கிறார். இன்று ஹெப்பகோடிக்கு ஓர் அயலார் வந்து அந்த வண்டிகளைப் பற்றி எழுதினாலும், 'இந்தியாவின் தொன்மையான உணவு' என்றே எழுதிச் செல்லக்கூடும். அதனைச் சான்றாகக் கொள்ளும் எதிர்கால மாணவர் நம்மைவிடக் கவனமாகப் படிப்பாராக.