அறிவிக்கப்பட்டவர்கள்

இவ்வாண்டின் தொடக்கத்தில் சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் நடந்த நினைவுக் கூட்டத்தில், இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஓர் இளம்பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஏன் வெளியேற்றப்பட்டார்கள் என்பதே அது. "இது அதுக்குரிய இடமில்லை, பிள்ளை" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. பின்வரிசையில் ஒருவர் "ஆர் இவவின்ர தகப்பன்?" என்று பக்கத்திலிருந்தவரை விசாரித்தார். நானும் அங்கே இருந்தேன். பதில் தெரிந்தவன். கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் செவன் ஹில்ஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், தேநீர் இடைவேளையின்போது வெள்ளைக்காரத் தொழிலாளர் ஒருவர் தமது வழமையான முறைப்பாட்டைத் தொடங்கினார். இந்த நாட்டில் இனி ஒன்றுமே சொல்ல முடியாதாம். ஒரு சொல் பிழைத்தால் வழக்காம். இப்படிச் சொல்லிவிட்டு, ஆதிக்குடிகளைப் பற்றியும் அகதிகளைப் பற்றியும் சொல்ல இருந்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்துத்தான் எழும்பினார். 2023ஆம் ஆண்டு வாக்கெடுப்புக் காலத்திலிருந்து அவருக்கு இது ஒரு பழக்கம். ஒன்றும் சொல்ல முடியாது என்கிறவர் எல்லாம் சொல்கிறார். எல்லாம் சொல்லலாம் என்று மேடையில் முழங்குகிற நாங்கள் ஒரு பிள்ளையின் கேள்வியை இருத்திவிடுகிறோம். பேச்சுக்கு எல்லை போடுகிறவர் யார், அந்த எல்லையை எதிர்த்து எங்கே போய் முறையிடலாம் என்பதுதான் விஷயம் என்று எனக்குப் பட்டது. ஊரில் வரலாறு படிப்பித்தவன் என்பதால் பழைய சம்பவங்களில் போய் நிற்பது என் வழக்கம். இம்முறை போய் நின்றது இந்நாட்டின் 1951இல்.

அதற்கு முன் 1934ஐப் பற்றி ஒரு வார்த்தை. பிராக் நகரில் பிறந்து ஜேர்மன் மொழியில் எழுதிய யூதர், கம்யூனிஸ்ட், எகோன் கிஷ் என்ற எழுத்தாளர், யுத்தத்துக்கும் பாசிசத்துக்கும் எதிரான மாநாடு ஒன்றுக்காக மெல்பேர்ணுக்கு வந்தார். நாஸிகளின் சிறையை ஒரு வருடத்துக்கு முன்னர்தான் பார்த்துவிட்டு வந்தவர். அவரை இறங்கவிடக்கூடாது என்று அரசு தடை போட்டது. கப்பலிலிருந்து துறைமேடைக்குக் குதித்துக் காலை முறித்துக்கொண்டார். தடையை நியாயப்படுத்தி நின்றவர் அப்போதுதான் சட்டமா அதிபராக வந்திருந்த ரொபேர்ட் மென்சிஸ். கிஷ்ஷை விடுவித்த நீதிபதி எவற். உடனே அரசு வேறு வழி பார்த்தது. வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கையின் கருவியான சொல்வதெழுதற் பரீட்சையை எந்த ஐரோப்பிய மொழியிலும் வைக்கலாம் என்பது 1901ஆம் ஆண்டுச் சட்டம். பல மொழிகள் தெரிந்த அந்த மனிதருக்கு ஸ்கொட்லாந்துக் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள்! அந்த மொழி சட்டம் கருதிய ஐரோப்பிய மொழி அல்ல என்று உயர் நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. இந்தப் பரீட்சை 1958 வரை சட்டத்தில் இருந்தது. எங்கள் தகப்பன்மார் அந்நாட்களில் இங்கே வந்திருந்தால் அவர்களுக்கு எந்த மொழியில் வைத்திருப்பார்களோ!

பதினைந்து ஆண்டுகளின் பின் அதே இருவர். 1949 டிசெம்பர் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்வேன் என்று வாக்குறுதி கொடுத்து மென்சிஸ் பிரதமரானார். சீனத்தில் புரட்சி வென்றிருந்தது. நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம் மக்கள் மனதில் கசப்பை விட்டிருந்தது. அடுத்த வருடம் கொரிய யுத்தமும் வந்து சேர்ந்தது. அன்றைய கம்யூனிஸ்டுகளும் நேசிக்கத்தக்கவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஸ்டாலினின் ஒவ்வொரு அநியாயத்துக்கும் விளக்கம் வைத்திருந்தவர்கள் அவர்கள். விரும்பப்படாதவர்களைப் பற்றிய வழக்கு என்பதால்தான் இது படிக்கத் தகுந்தது.

1950ஆம் ஆண்டின் கம்யூனிஸ்ட் கட்சிக் கலைப்புச் சட்டத்தின் பொறிமுறையைக் கவனியுங்கள். கட்சி சதிகாரக் கட்சி என்பதைச் சட்டத்தின் முன்னுரையே முடிவு செய்துவிட்டது. எந்த மன்றத்திலும் நிரூபிக்க வேண்டியதில்லை. அடுத்ததாக, ஒருவரைக் கம்யூனிஸ்ட் என்றும் நாட்டின் பாதுகாப்புக்கு ஊறானவர் என்றும் ஆளுநர் நாயகம் அறிவிக்கலாம். அறிவிக்கப்பட்டவர் அரச வேலையில் இருக்க முடியாது. முக்கிய தொழில்களின் சங்கங்களில் பதவி வகிக்க முடியாது. நான் கம்யூனிஸ்ட் அல்ல என்று அவர் நீதிமன்றம் போகலாம். ஆனால் நான் ஊறானவன் அல்ல என்று போக முடியாது. அது அரசின் அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கு மேன்முறையீடு இல்லை. மசோதாவை முன்வைத்த உரையில் மென்சிஸ், தொழிற்சங்கங்களில் இருக்கும் கம்யூனிஸ்டுகள் என்று 53 பேரின் பெயர்களை வாசித்தார். சில நாட்களில், அவற்றில் ஐந்து பிழை என்று அவரே திருத்த வேண்டியதாயிற்று. பட்டியல் என்ற பண்டத்தின் இயல்பு அது.

கட்சியும் சங்கங்களும் வழக்குப் போட்டன. துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக்காக வாதாடியவர் எவற். நீதிபதிப் பதவியை 1940இல் விட்டு அரசியலுக்கு வந்து, 1948இல் மனித உரிமைகள் பிரகடனம் நிறைவேறியபோது ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1951 மார்ச் 9ஆம் திகதி ஆறு நீதிபதிகள் சட்டத்தைத் தள்ளினார்கள். பிரதம நீதியரசர் லேதம் மட்டும் மாறுபட்டார். நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் நான் நிற்கிறேன் என்று நாடாளுமன்றமே தனக்குச் சான்றிதழ் எழுதிக்கொள்ள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அவர்கள் பேச்சுச் சுதந்திரத்தைப் பற்றி உருக்கமாக ஒன்றும் எழுதவில்லை. யார் தீர்மானிப்பது என்ற வறண்ட கேள்வியைத்தான் கேட்டார்கள்.

மென்சிஸ் தேர்தலில் மறுபடி வென்று, அரசியலமைப்பையே மாற்றச் சர்வஜன வாக்கெடுப்புக்குப் போனார். ஆரம்பத்தில் கருத்துக் கணிப்புகள் அவருக்குப் பெரும் வெற்றி என்றன. தொழிற்கட்சித் தலைமைக்கு அப்போதுதான் வந்திருந்த எவற் நாடெங்கும் அலைந்து எதிர்த்தார். அவருடைய கட்சிக்குள்ளேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. மென்சிஸின் லிபரல் கட்சியில் அலன் மிசென் என்ற இளைஞர் தடையை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதிக் கட்சிப் பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். பின்னாளில் செனற் சபைக்குப் போனவர் அவர். 1951 செப்ரெம்பர் 22ஆம் திகதி 'ஆம்' என்றோர் 2,317,927 பேர். 'இல்லை' என்றோர் 2,370,009 பேர். ஆறு மாநிலங்களில் மூன்று அந்தப் பக்கம், மூன்று இந்தப் பக்கம். வித்தியாசம் 52,082. 'இல்லை' என்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒரு கம்யூனிஸ்டுக்கும் வாக்குப் போடாதவர்கள்.

இதை வைத்து இந்நாட்டுக்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை. அன்று வாக்களித்தவர்களின் சுதந்திரத்துக்கு ஒரு நிறம் இருந்தது. ஆதிக்குடி மக்கள் எல்லோருக்கும் மத்திய தேர்தலில் வாக்குரிமை 1962இல்தான் கிடைத்தது.

இனி எங்கள் பக்கம். இலங்கை அரசு 1983 ஓகஸ்ட் 8ஆம் திகதி அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. கறுப்பு யூலையின் சாம்பல் ஆறவில்லை. தனிநாட்டை ஆதரித்துச் சமாதானமாகப் பேசுவதும் குற்றம் என்றாயிற்று. சத்தியப்பிரமாணம் எடுக்க மறுத்து எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கமும் கூட்டணி உறுப்பினரும் ஆசனங்களை இழந்தார்கள். நாடாளுமன்றத்தில் பேச்சாக இருந்ததைப் பேசமுடியாததாக்கியதால் அது எங்கே போனது என்பது நாம் அனைவரும் அறிந்தது. கூட்டாட்சி கேட்பது பிரிவினை அல்ல என்று இலங்கையின் உயர் நீதிமன்றம் சொல்வதற்கே 2017 ஓகஸ்ட் வரை ஆயிற்று. இந்தப் பகுதியை எங்கள் மேடைகளில் நன்றாகவே சொல்வோம்.

சொல்லாத பகுதி வேறு. எழுபதுகளில் கூட்டணி மேடைகளில் 'துரோகி' என்ற சொல் தாராளமாகப் புழங்கியது. அரசாங்கத்தோடு நின்ற தமிழரின் பெயர்கள் கைதட்டல்களுக்கு நடுவே உச்சரிக்கப்பட்டன. 1975 யூலை 27ஆம் திகதி யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டார். துரையப்பாவின் அரசியலை நான் ஏற்பவன் அல்லன். ஆனால் அவரை அறிவித்தது எந்த மன்றம்? அவர் எங்கே மறுத்திருக்கலாம்? அன்று மேடையில் கைதட்டு வாங்கியவர்களில் முதல்வரான அமிர்தலிங்கம், கொழும்பில் தம் வீட்டுக்கு வந்தவர்களுக்கு உபசாரம் செய்த வேளையில், 1989 யூலை 13ஆம் திகதி புலிகளால் கொல்லப்பட்டார். சிங்கள அரசு பிரிவினைவாதி என்று ஆசனத்தைப் பறித்த அதே மனிதருக்குத் தமிழர் துரோகி என்று தீர்ப்பு எழுதினார்கள். மென்சிஸின் சட்டமாவது, அறிவிக்கப்பட்டவரின் வேலையைப் பறிப்பதோடு நின்றது.

இரண்டு மாதங்களின் பின், செப்ரெம்பர் 21ஆம் திகதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவி ரஜனி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டார். இந்திய இராணுவம், புலிகள், ஏனைய இயக்கங்கள் என்று எல்லோருடைய கொடுமையையும் ஒரே ஏட்டில் எழுதியவர் அவர். கொன்றவர்கள் புலிகளே என்று அவரோடு பணியாற்றியவர்கள் சொல்லிவந்துள்ளனர். அப்போது நான் யாழ்ப்பாணத்தில் மாணவன். யார் செய்தது என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. 1991இல் கவிஞர் செல்வி புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். 1994 மே 1ஆம் திகதி, துப்பாக்கிக்கு அப்பால் வந்துவிட்டோம் என்று நாம் நினைத்த பாரிஸ் நகரில், சபாலிங்கம் தம் வீட்டில் கொல்லப்பட்டார். இன்று துப்பாக்கி இல்லை. "ஆர் இவவின்ர தகப்பன்?" என்ற விசாரிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஜனநாயகம் எங்கள் இரத்தத்திலேயே ஊறியது, உத்தரமேரூரில் குடவோலை போட்ட இனம் நாங்கள் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுகளை வாசித்தவர்களுக்குத் தெரியும்: குடத்தில் பெயர் விழுவதற்குக் கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அது ஒரு பிராமணச் சபையின் நிர்வாக ஒழுங்கு. நல்ல ஒழுங்குதான், ஆனால் ஊரில் உழுதவனின் பெயர் அந்தக் குடத்தில் இல்லை. எங்கள் மண்ணில் எல்லோருக்கும் வாக்கு வந்தது 1931இல், டொனமூர் ஆணைக்குழுவின் கையால். அதற்கு முன் வாக்குரிமை சனத்தொகையில் சுமார் நூற்றுக்கு நான்கு பேருக்கே. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் வாக்கா என்று மகஜர் எழுதி எதிர்த்தவர் எங்கள் பெருந்தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அவ்வருடத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. பூரண சுயராச்சியம் தரப்படவில்லை என்பது அவர்களின் உயர்ந்த காரணம். வாக்குரிமையே பிடிக்காதவர்களுக்கும் அந்தப் பகிஷ்கரிப்பு வசதியாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதே வாலிபர்கள் சமபந்திக்கும் சம ஆசனத்துக்கும் நின்றவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்ற கட்டளை வந்தபோது பெற்றோர் பெட்டிசம் போட்டனர்; சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன.

தொழிற்சாலை நண்பரின் முறைப்பாட்டை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். 'அரசியல் ரீதியாகச் சரியான பேச்சு' என்று எள்ளி நகையாடப்படுவதில் ஒரு பகுதி, வாங்கில் இருக்கவந்த பிள்ளையைப் பார்த்து முன்பு சொல்ல முடிந்ததை இப்போது சொல்ல முடியவில்லையே என்ற ஏக்கம். இனத்தைச் சுட்டி அவமதிப்பதைத் தடுக்கும் 18சி பிரிவு 1995இல் இந்நாட்டு இனப்பாகுபாட்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2014இல் அதைத் தளர்த்த அரசு முயன்றபோது குடியேறிய சமூகங்கள் பலவும் எதிர்த்தன, முயற்சி கைவிடப்பட்டது. 2017இல் செனற் சபை மறுபடி மறுத்தது. அந்தப் பிரிவில் எனக்கும் சந்தேகம் உண்டு. 'மனம் நோகச் செய்தல்' என்ற சொல் மிக அகலமானது. ஊரில் என் மனம் நோகிறது என்று சொல்லியே எத்தனை வாய்களை மூடினோம்! ஆயினும் அங்கே குற்றச்சாட்டுக்கு முகம் உண்டு, நீதிபதி காரணம் எழுத வேண்டும், கலைக்கும் ஆய்வுக்கும் நேர்மையான விமர்சனத்துக்கும் விதிவிலக்கு உண்டு, மேன்முறையீடு உண்டு. நினைவுக் கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு இவற்றில் எது இருந்தது? அவர் எவரையும் அவமதிக்கவும் இல்லை. அவர் கேட்டதை அன்ரன் பாலசிங்கமே 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமைகளின் பின் செவன் ஹில்ஸ் ரயில் நிலையத்தில் அந்தப் பெண்ணைக் கண்டேன். "அங்கிள், நீங்கள் அப்ப யாழ்ப்பாணத்திலதானே இருந்தனீங்கள்?" என்றார். ஓம் என்றேன். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனதை, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிக்கிடச் சொன்னதை, நகையையும் காசையும் வாங்கிவைத்ததை, நாங்கள் படலைக்குள் நின்று பார்த்ததை, ரயில் வரும்வரை சொன்னேன். பாதியில் ரயில் வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்ததுக்கு நின்றோம். மே மாதக் கூட்டத்தில் கேள்விநேரம் உண்டாம். அதே கேள்வியைத் திரும்பக் கேட்கப் போவதாகச் சொன்னார். நான் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.