நீராட்டமும் சரணாகதியும்: திருமலைராயன்பட்டினத்து மாசிமகம்

சரணம் புகுபவன் முன்னம் நீராட வேண்டுமோ என்னும் வினாவைப் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் ஆராய்கிறார். ப்ரபத்திக்குத் தேச நியமமும் கால நியமமும் இல்லை என்பது அவர் துணிபு. சபை நடுவே கண்ணனை அழைத்த திரௌபதி நீராடியவள் அல்லள் என்பதே அவர் காட்டும் சான்று. தூயவன் தன் தூய்மையை விட வேண்டியதில்லை. தூய்மையற்றவன் அதனைத் தேடித் திரிய வேண்டியதுமில்லை. மணவாள மாமுனிகளின் (1370–1443) வ்யாக்யானம் இப்பொருளை விரித்துரைக்கிறது. கடல் கடந்து வந்த விபீஷணாழ்வானும் அக்கடலில் முழுகி வந்ததாக வால்மீகி கூறவில்லை.

அங்ஙனமாயின், திருக்கோயில்தோறும் புஷ்கரிணியும் உத்ஸவந்தோறும் தீர்த்தவாரியும் எதற்கு? இவ்வினாவைத் திருக்கண்ணபுரத்தில் வைத்து ஆராய்வது பொருந்தும். நம்மாழ்வார் திருவாய்மொழி 9ஆம் பத்தின் நிறைவில் சரணாகதியைப் பேசியது இத்தலத்திலே. அமாவாசைதோறும் பெருமாள் விபீஷணாழ்வானுக்கு நடையழகு காட்டுவதும் இங்கேயே.

சந்நிதிக்கு எதிரே நித்ய புஷ்கரிணி விளங்குகிறது. எனினும் மாசிமகத்தன்று சௌரிராஜப் பெருமாள் கடலாடவே புறப்படுகிறார். யாழ்முரிப் பதிகம் பெற்ற தருமபுரத்தையும் நளதீர்த்தம் உள்ள திருநள்ளாற்றையும் கொண்டது, 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்கால் பகுதி. அதன் தென்பாலுள்ள திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு அவர் எழுந்தருள்கிறார். பத்மினி நாச்சியார் மீனவர் தலைவன் திருமகளாய் அவதரித்தவள் என்பது தலபுராணம். ஆதலின் பட்டினச்சேரி மீனவர்கள் பெருமாளை ‘மாப்பிள்ளை சாமி’ என்றே வரவேற்றுத் தோளில் சுமந்து செல்கின்றனர்.

இங்கே முறை தலைகீழாகிறது. நீராடித் தூயராகி மக்கள் பெருமாளை அணுகவில்லை. பெருமாளே அவர்கள் துறைக்கு வருகிறார். தீர்த்தவாரியில் எம்பெருமான் முன்னே ஆட, அடியார் உடன் ஆடுகின்றனர். அந்நீரின் புனிதம் அவன் சம்பந்தத்தால் வந்தது. திருப்பாவையில் வரும் நீராட்டத்திற்கு வ்யாக்யாதாக்கள் பகவத் ஸம்ச்லேஷம், அதாவது அவனோடு கலத்தல், என்று பொருள் கொண்டதும் இக்கருத்தினாலேயே.

ஆகவே நீராட்டம் சரணாகதிக்கு அங்கமன்று; சரணடைந்தவன் உகப்புடன் செய்யும் கைங்கர்யம். தகுதி தேடும் வாயிலாக அதனைக் கொண்டால், குளித்தவன், குளிக்காதவன் என்னும் பிரிவே மிஞ்சும். கைங்கர்யமாகக் கொண்டால் புஷ்கரிணியும் சிறக்கும். பட்டினச்சேரிக் கடலும் சிறக்கும். ஆசார்யர்கள் நூலில் நிறுவிய அர்த்தத்தை, ஆண்டுதோறும் மாமனார் ஊர்க் கடற்கரையில் மாப்பிள்ளையாய் நின்று சௌரிராஜன் அநுஷ்டித்துக் காட்டுகிறான்.