பால்ரிமோர்ச் சதி: 1861

1860ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆந் திகதி ஆபிரகாம் இலிங்கன் ஐக்கிய அமெரிக்க நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். அவர் பதவியேற்க வேண்டிய நாள் 1861 மார்ச் 4. இடைப்பட்ட நாட்களில், அடிமை முறையைப் பேணிய தென் மாநிலங்கள் ஏழு, ஒன்றியத்தினின்றும் பிரிந்து செல்லத் தீர்மானித்தன. பெப்ரவரி 11ஆந் திகதி ஸ்பிறிங்பீல்ட் நகரிலிருந்து புறப்பட்ட இலிங்கன், பல நகரங்களில் மக்களைச் சந்தித்துக்கொண்டு தலைநகராகிய வாஷிங்ரன் நோக்கிச் சென்றார். அவரது பயண ஒழுங்கு புதினத்தாள்களில் முன்கூட்டியே வெளியாகியிருந்தது. 23ஆந் திகதி நண்பகலளவில் அவர் பால்ரிமோரைச் சேர்வார் என்பதை எவரும் அறிந்திருந்தனர்.

பால்ரிமோர் மேரிலாந்து மாநிலத்தின் பெருநகர். தேர்தலில் அம்மாநிலம் முழுவதிலும் இலிங்கனுக்குக் கிடைத்த வாக்குகள் 2,294 மட்டுமே. வழியிலுள்ள ஏனைய நகரங்கள் அவரை வரவேற்க முந்தின. பால்ரிமோரோ அழைப்பு விடுக்கவில்லை. அன்றியும், வடக்கிலிருந்து வரும் புகையிரதம் ஒரு நிலையத்தில் நிற்க, வாஷிங்ரன் செல்லும் புகையிரதம் வேறொரு நிலையத்திலிருந்து புறப்பட்டது. ஏறக்குறைய ஒரு மைல் தூரத்தை நகர வீதிகளூடாகக் கடத்தல் வேண்டும். தீங்கு செய்யக் கருதுவார்க்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை.

இந்நிலையில், பெல்ற்றன் என்னும் புகையிரதக் கம்பனித் தலைவர், தம் பாதைக்கும் பாலங்களுக்கும் ஊறு நேருமோ என அஞ்சி, அலன் பிங்கேட்டன் என்னும் துப்பறிவாளரை அமர்த்தினார். பிங்கேட்டன் பங்குத் தரகர் போல வேடம் பூண்டு பால்ரிமோரில் தங்கினார். அவரும் அவர்தம் ஆட்களும் கேட்டறிந்தவற்றுள் முதன்மையானது, பாணம் விடுதியில் தொழில் செய்த பெராண்டினி என்னும் கோர்சிக்க நாவிதரின் பேச்சு. இலிங்கன் உயிருடன் வாஷிங்ரன் சேரார் என அவர் சூளுரைத்தாராம். நிலையத்தில் ஒரு பொய்ச் சண்டையை மூட்டிக் காவலரை அப்பால் ஈர்ப்பது, அவ்வேளையில் இலிங்கனைச் சூழ்ந்து கொல்வது என்பதே திட்டமெனக் கூறப்பட்டது.

இதற்குச் சான்று யாது? கூலி பெற்ற துப்பறிவாளரின் அறிக்கைகளே. ஆயுதம் கைப்பற்றப்படவில்லை, கடிதம் அகப்படவில்லை. நாவிதர் கடையில் எழும் வீறாப்பைச் சதியென்று கொள்வதா எனச் சில வரலாற்றாசிரியர் வினவியது பொருத்தமே. ஆயினும், பெப்ரவரி 21ஆந் திகதி இரவு பிலடெல்பியாவில் நிகழ்ந்தது கருதத்தக்கது. பிங்கேட்டனின் எச்சரிக்கையைக் கேட்டபின்னும் இலிங்கன் தம் பயணத்தை மாற்ற உடன்படவில்லை. அன்றிரவே பிரெடெரிக் சீவாட் என்னும் இளைஞர் வாஷிங்ரனிலிருந்து மற்றோர் எச்சரிக்கையைக் கொணர்ந்தார். அது தளபதி ஸ்கொற் வழியாக வந்தது. நியூயோர்க் பொலிஸ் துப்பறிவாளர் திரட்டிய செய்தி. இச்செய்தி எவ்வாறு கிடைத்தது, பிங்கேட்டனின் பெயர் அதில் அடிபட்டதா என இலிங்கன் துருவி வினவினார். ஒரே வதந்தி இருவர் வாயிலாக வந்திருப்பின் அது ஒரு சான்றேயாகும். ஒருவரையொருவர் அறியாத இருவர் கூறின் அதன் நிறை வேறு. வழக்கறிஞராய்ப் பழகிய அறிவு அங்கே தொழிற்பட்டது. தொடர்பில்லை எனத் தெரிந்தபின்னரே அவர் மனம் சாய்ந்தது.

மறுநாள் பிலடெல்பியாவிற் கொடியேற்றி, ஹரிஸ்பேர்க் சென்று பேசிய பின், மாலையில் லாமன் என்னும் ஒரே நண்பருடன் இரகசியமாகப் புறப்பட்டார். தந்திக் கம்பிகள் துண்டிக்கப்பட்டன. கேற் வோண் என்னும் பெண் துப்பறிவாளர், நோயுற்ற தம் சகோதரருக்கென்று கூறிப் படுக்கைகளை ஒழுங்கு செய்திருந்தார். நள்ளிரவு கடந்து பால்ரிமோரில் அப்பெட்டி குதிரைகளால் இழுத்துச் செல்லப்பட்டது. 23ஆந் திகதி காலை ஆறு மணியளவில் இலிங்கன் வாஷிங்ரனை அடைந்தார்.

உயிர் தப்பியது, மதிப்புக் குறைந்தது. ஸ்கொத்லாந்துத் தொப்பியணிந்து மாறுவேடத்தில் ஓடினார் என்று ஒரு நிருபர் கற்பித்து எழுத, கேலிச் சித்திரக்காரர் அதனை விடாது பற்றிக்கொண்டனர். அன்று நண்பகல் அவர்தம் மனைவியும் மைந்தரும் பால்ரிமோரைத் தீங்கின்றிக் கடந்தனர் என்பதையும் ஐயுறுவோர் எடுத்துக்காட்டுவர். ஆனால், இலிங்கன் தலைநகர் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி அதற்குள் பரவிவிட்டதே!

உடன்சென்ற லாமனின் பெயரில் 1872இல் வெளிவந்த வரலாற்று நூல், சதி முழுவதும் கற்பனை என்றது. அவருடைய பிற்கால நினைவுக் குறிப்புகளோ ஆபத்து மெய்யென்றன. பிங்கேட்டன் தம் குறிப்பில் லாமனை மூளையற்றவர் என இகழ்ந்திருந்ததை லாமன் படித்திருந்தார் என்பதையும் முதல் நூலை மதிப்பிடுவோர் மறத்தலாகாது.

அந்நகரின் பகைமையோ கற்பனையன்று. 1861 ஏப்ரில் 19ஆந் திகதி, நிலையத்திலிருந்து நிலையத்துக்குச் சென்ற மசச்சூசெற்ஸ் படையினரைப் பெருங்கூட்டம் தாக்கியது. படையினர் நால்வரும் நகர மக்கள் பன்னிருவரும் மாண்டனர். எனவே, அபாயம் மெய். ஒழுங்கமைந்த சதி நிறுவப்படாதது என்பதே சான்றுகள் இடந்தரும் முடிவு. அறிவித்தபடியே சென்றிருப்பினும் தாம் கொல்லப்பட்டிருக்கமாட்டார் என்றே நம்புவதாகவும், எனினும் வீணே அபாயத்தை ஏற்காமை தக்கதென எண்ணியதாகவும் இலிங்கனே பின்னர் ஒரு நண்பரிடம் கூறினார். பெராண்டினி மீதோ பிறர் மீதோ இச்சதிக்காக எவ்வழக்கும் தொடரப்படவில்லை.