பாரசீக எழுத்தும் அருவ ஓவியமும்

எழுத்துப் பொருளை உணர்த்துங் கருவி. பொருள் விளங்கியபின் அதன் வடிவை எவரும் நினைப்பதில்லை. இது பொதுவிதி. இவ்விதிக்குப் புறம்பாக, எழுத்தின் வடிவையே கலைகளுள் தலையாயதாகப் போற்றிய நாடுகளுள் ஈரான் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் கடந்த காலத்தில் அந்நாட்டு ஓவியர் சிலர், வாசிக்க இயலாத எழுத்துக்களால் ஓவியந் தீட்டத் தொடங்கினர். இது மேனாட்டு அருவ ஓவியத்தின் போலியோ, அன்றி மரபின்வழி வந்த வளர்ச்சியோ என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி. பி. ஏழாம் நூற்றாண்டில் அராபியர் ஈரானை வென்றபின், பாரசீக மொழி காலப்போக்கில் அராபிய எழுத்தை ஏற்றது. ஏற்ற எழுத்தை ஈரானியர் தம் சுவைக்கேற்ப மாற்றியமைத்தனர். பதினான்காம் நூற்றாண்டில் உருப்பெற்ற நஸ்தாலிக் என்னும் எழுத்துமுறை அவ்வாறு தோன்றியதே. தப்ரீஸ் நகரத்து மீர் அலி அதனை வகுத்தார் என்பது மரபு. வளைந்தும் நீண்டும் சரிந்திறங்கும் அவ்வெழுத்துக்கள் கவிதை நூல்களுக்குப் பெரிதும் ஏற்றனவாயின. எனினும் அவை மனம்போனவாறு எழுதப்பட்டவையல்ல. நாணற் பேனாவின் முனை பதிக்கும் புள்ளியே அளவுகோல். ஒவ்வோர் எழுத்தின் நீளமும் வளைவும் இத்தனை புள்ளி என வரையறுக்கப்பட்டிருந்தன. ஷா அப்பாஸ் மன்னன் காலத்தவரும் 1615 இல் இஸ்பகான் நகரிற் கொலையுண்டவருமான மீர் இமாத், இக்கலையைச் சிகரத்துக்கு உயர்த்தியவராவர்.

இக்கலைஞர் கைபழகுதற்பொருட்டு ஓரெழுத்தையே பன்முறை எழுதுவர். தாளை வீணாக்காது, அதனைத் திருப்பித் திருப்பி, எழுதியதன்மேலும் எழுதுவர். தாள் முழுவதும் கருமை படர்தலின் இது 'சியா மஷ்க்', அஃதாவது கரும்பயிற்சி, எனப்பட்டது. இதில் வாசித்தற்குரிய பொருள் இல்லை. ஆயினும் கண்ணைக் கவரும் ஒழுங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், காஜார் மன்னர் ஆட்சியில், மீர்சா குலாம்ரிசா இஸ்பகானி போன்றோர் இத்தகைய தாள்களையே முற்றுப்பெற்ற கலைப்படைப்புக்களாக ஆக்கினர். பொருளினின்று எழுத்து விடுதலை பெற்றது மேனாட்டுத் தூண்டுதலால் அன்று என்பதற்கு இதுவே சான்று.

1937 இல் தெஹ்ரானிற் பிறந்த ஹுசைன் ஸெந்தரூதி, எழுத்துக்களையும் எண்களையும் மந்திரத் தகடுகளிற் காணும் கட்டங்களையும் நெருக்கமாக நிரப்பி ஓவியங்கள் தீட்டினார். 1962 இல் அவர் வரைந்த 'என் தந்தையும் நானும்' என்னும் ஓவியம் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் உளது. அவரையும் பராமர்ஸ் பீலாராம் முதலியோரையும் கரீம் எமாமி என்னும் திறனாய்வாளர் 'சக்காகானே' குழுவினர் என அழைத்தார். கர்பலாவில் நீர்வேட்கையால் வாடி உயிர்நீத்தோர் நினைவாக வீதியோரங்களில் அமைந்த தண்ணீர்ப்பந்தலையே அப்பெயர் குறிக்கும். மக்கள் வழிபாட்டில் வழங்கிய குறிகளை இவர்கள் கையாண்டமையே அப்பெயருக்குக் காரணம்.

இவர்களையடுத்து, எழுத்தணிக்கலையை முறையாகப் பயின்ற ரிசா மாபியும் முகம்மது எஹ்சாயியும் எழுத்தோவியத்தில் ஈடுபட்டனர். எஹ்சாயியின் ஓவியங்களில் எழுத்துக்கள் ஒன்றோடொன்று பின்னிப் பெருவடிவங்களாகின்றன. சொல்லைத் தேடுவோர் அங்கே திகைப்பர். ஆனால், கோடு தடித்து மெலியும் முறையில் பழைய நாணற் பேனாவின் கட்டுப்பாடு தெளிவாகப் புலப்படும். 1979 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னும் இம்மரபு அற்றுப்போகவில்லை.

பொருளை நீக்கிய எழுத்து வெறும் அணியே என்பார் கூற்றை முற்றாகத் தள்ளுதல் இயலாது. எழுதுபயிற்சி இன்றி எழுத்தின் தோற்றத்தை மட்டும் ஒற்றியெடுத்தால், எஞ்சுவது அலங்காரமேயாம். பயின்ற கையோ பொருளைக் கைவிட்ட விடத்தும் அளவைக் கைவிடுவதில்லை. மரபை மீறுதற்கும் மரபறிவு வேண்டும். அன்று கரும்பயிற்சித் தாளை நிரப்பிய மாணாக்கன் தன் கையைத் திருத்தவே எழுதினான். அவன் உழைப்பே பின்வந்தோர் புதுமைக்கு வித்தாயிற்று.